மூச்சில் ஏறிய கோடு

அந்த வருடம் நோன்பு மாதம் தொடங்கிய வாரத்தில்தான் எங்கள் சென்சர் முதல்முறையாக ஒழுங்காக வேலை செய்தது. அதுவரைக்கும் அது எங்களைப் படாத பாடு படுத்தியிருந்தது.

ஆய்வுகூடம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. அதில் நாங்கள் மூன்று பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட பேராசிரியர், மஹய்யாவயில் பிறந்து இன்னும் அங்கேயே இருக்கும் நான், கெலிஓயாவிலிருந்து இரண்டு பஸ் ஏறி வரும் இளம் ஆராய்ச்சி உதவியாளர். அவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். என்னை அக்கா என்பாள். கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்தால் உடைக்காமல் வைக்கும் ஆள் எங்கள் மூவரில் அவள் மட்டும்தான்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரல் நகமளவு வெட்டிய டைட்டேனியம் தகட்டை அசிட்டோனால் துடைப்போம். புளோரைட் கலந்த கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவோம். உலோகத்தின் மேற்பரப்பு டைட்டேனியம் டைஒக்சைட்டாக மாறும். மாற மாற, புளோரைட் அதை அரித்துக்கொண்டே போகும். இந்த இழுபறி ஒரு சமநிலைக்கு வந்தால், தகடு முழுக்க நனோ குழாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்திருக்கும். வெறும் கண்ணுக்கு அது மங்கிப்போன தகரத் துண்டுதான். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தேன்கூடு. உலையில் சுட்டு, இரண்டு மின்முனை வைத்து, சூடாக்கி, மேலே வாயுவை ஊதினால் அதன் மின்தடை மாறும். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒட்சிசன் இலத்திரன்களைப் பிடித்து வைத்திருக்கும். அசிட்டோன் வந்தால் அந்த ஒட்சிசனோடு சேர்ந்து இலத்திரன்களை விடுவித்துவிடும். தடை குறையும். குறையக் குறையக் கணினித் திரையில் கோடு மேலே ஏறும்படி அமைத்திருந்தோம்.

அசிட்டோன் எதற்கென்றால், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, முற்றும்போது அது மூச்சில் வரும். இன்சுலின் இல்லாமல் உடம்பு சீனியை எரிக்க முடியாமல் போனால் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது வெளியேறும் பொருட்களில் இதுவும் ஒன்று. விரலில் குத்தாமல், ஊதியே எச்சரிக்கை பெற முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. நோயாளிகளின் மூச்சை எடுப்பதற்கு அனுமதி இன்னும் வரவில்லை. அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எங்கள் மூச்சையே ஊதிக்கொண்டிருந்தோம். பேராசிரியர் ஊதினால் கோடு படுத்திருக்கும். நான் ஊதினாலும் அப்படித்தான்.

நோன்பு தொடங்கிச் சில நாட்களில் அவள் ஊதினாள். கோடு எழுந்தது.

மூவரும் திரையைப் பார்த்தோம். பேராசிரியர்தான் முதலில் சிரித்தார்.

"நோன்பல்லோ பிள்ளை! சாப்பிடாமல் இருந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கும். அசிட்டோன் வரும்தானே. இவ்வளவு நுட்பமாய்ப் பிடிக்குது எண்டால் வடிவான விஷயம்."

அவளும் சிரித்தாள். "அப்ப என்ட நோன்பு உங்களுக்கு உதவி செய்யுது, சேர்."

எங்கள் திட்டத்தைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. அவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று பேராசிரியர் முடிவு செய்தார். தினமும் காலையிலும் பிற்பகலிலும் அவள் ஊத வேண்டும். நோன்பு நேரம் கூடக் கூடக் கோடு எப்படி ஏறுகிறதென்று வரைந்து காட்டலாம். அவளும் ஒப்புக்கொண்டாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது காலை அளவைப் பார்த்துத்தான். விடியுமுன் சஹருக்கு எழும்பிச் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் அவள் வருகிறாள். சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் அசிட்டோன் அடங்கியிருக்க வேண்டும். பிற்பகலில் ஏற வேண்டும். அவளுடைய கோடு காலையிலேயே உச்சியில் இருந்தது. பிற்பகலிலும் உச்சியில்தான். ஒவ்வொரு நாளும் உச்சியே கொஞ்சம் மேலே போனது.

பேராசிரியரிடம் சொன்னேன்.

"ஈரப்பதனாய் இருக்கும்," என்றார். "மூச்சில தண்ணி இருக்கு. காலைமை பனி வேற. உம்மட சென்சர் ஈரத்துக்கும் ஆடுறது எண்டு உமக்குத் தெரியும்தானே?"

தெரியும். கண்டியின் ஈரத்தோடுதான் இத்தனை நாளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே சிலிண்டரிலிருந்து சுத்தமான காற்றை விட்டேன். கோடு கீழே வந்தது. நான் ஊதினேன், படுத்தே இருந்தது. என் மூச்சிலும் ஈரம் இருக்கிறதே! வேறு தகட்டை மாட்டி அவளை ஊதச் சொன்னேன். அதே ஏற்றம். தகடு துடைக்கும் அசிட்டோனை அவள் தொடாத நாளிலும் ஊதச் சொல்லிப் பார்த்தேன், கை கழுவும் திரவமா என்று பார்த்தேன், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனா என்று பார்த்தேன். அவளுக்கு நகப்பூச்சுப் போடும் பழக்கமே இல்லை.

இதற்கிடையில் அவள் மெலிந்துகொண்டு வந்தாள். அபாயாவின் தோள் தையல் கையில் இறங்கி நின்றது. அடிக்கடி கழிவறைக்குப் போய்வந்தாள். படி ஏறி வந்தால் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். இதையெல்லாம் நோன்பின் கணக்கில் போடுவது சுலபமாக இருந்தது. நோன்பு பிடிப்பவருக்குத் தாகம் இருக்கும், உடம்பு இளைக்கும், களைப்பு வரும். பொருந்தாத ஒன்று அந்தக் கழிவறைப் போக்குவரத்துத்தான். பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத ஒருத்திக்கு அது எங்கிருந்து வருகிறது?

ஒரு நாள் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"ஒரு தடவ இரத்தம் பாத்துட்டு வா. விரல்ல ஒரு குத்து, அவ்வளவுதான். அதனால நோன்பு முறியாதுன்னு நீயே சொல்லியிருக்க."

"எனக்கி ஒண்டுமில்ல அக்கா."

"ஒண்ணுமில்லன்னா பாக்கிறதுக்கு என்ன பயம்?"

அவள் முகம் மாறியது. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பெருநாளைக்குப் பொறகு நிக்காஹ் நாள் குறிக்கப் போறாங்க. பேசி முடிச்சாச்சி. இந்த நேரத்துல சீனி வருத்தமெண்டு ஒரு கதை வெளிய போனா, உம்மா என்ன செய்வாங்க? கெலிஓயால ஒரு கிளினிக்குக்குள்ள நொழஞ்சா, நான் வெளிய வாரத்துக்கு முன்ன கதை வீட்டுக்குப் பெய்த்துரும். நோன்பு முடியட்டும். பொறகு பாக்கலாம்."

"கண்டில வேற எடத்துல பாக்கலாமே. நானும் வர்றேன்."

"உங்கட மிஷினே சரியா வேல செய்யுதா இல்லையான்னு தெரியாது. அத நம்பி என்ன நோயாளியாக்காதீங்க!"

அன்று பிற்பகல் அவள் ஊத மறுத்துவிட்டாள். மறுநாளும் ஊதவில்லை. என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். நான் உலைக்கு முன்னால் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். ஆனால் காது அவள் பக்கமே இருந்தது. அவள் மூச்சின் சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு மேசை தள்ளி இருப்பவரின் மூச்சு சாதாரணமாகக் கேட்காது.

அதற்கடுத்த நாள் பேராசிரியர் கண்டி டவுனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நண்பகல் தாண்டி, தகடு துடைத்துக்கொண்டிருந்த அவள் திடீரென்று எழுந்து தொட்டிப் பக்கம் ஓடினாள். வாந்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய் தோளைப் பிடித்தேன்.

அசிட்டோன் வாசனை அடித்தது.

போத்தல்தான் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். பார்த்தேன், மூடி இறுக்கமாக இருந்தது. துடைத்த துணியை ஏற்கெனவே வாயு உறிஞ்சும் கூண்டுக்குள் போட்டு வைத்திருந்தாள். யன்னல்களைத் திறந்தேன். ஆற்றுக் காற்று வந்து அறை தெளிந்தது. மறுபடி அவள் பக்கத்தில் குனிந்தேன். அதே வாசனை, அழுகத் தொடங்கிய பழம்போலக் கொஞ்சம் இனிப்பாக. அது அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. நெஞ்சு ஆழமாக ஏறி இறங்கியது, ஓடி வந்தவளைப்போல.

"எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"உம்மாவுக்கு..."

"உம்மாவுக்கு நான் சொல்றேன். எழும்பு."

வீதிக்கு அவளைத் தாங்கிக்கொண்டு வந்தேன். பாலத்தடியில் ஒரு த்ரீவீலர் கிடைத்தது. சாரதி நடுத்தர வயதுச் சிங்களவர். அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். நான் பேராசிரியருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. அவளுடைய உம்மாவுக்கு அழைத்து, மயக்கம் போல இருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பாடசாலை விடும் நேரம். மஹய்யாவயை நெருங்கும் முன்பே வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளை ஏற்றிய வான்கள், பஸ்கள், நடுவில் எங்கள் வண்டி. ஹோர்ன் அடித்துப் பயனில்லை. அவள் தலை என் தோளில் பாரமாக விழுந்தது. கூப்பிட்டால் "ம்" என்றாள். பிறகு அதுவும் தாமதமாக வந்தது.

"இடப் பக்கம் திருப்புங்க," என்று சாரதியிடம் சிங்களத்தில் சொன்னேன். எங்கள் குடியிருப்புக்குள் போகும் ஒடுங்கிய பாதை அது. மறுபுறம் டவுன் பக்கமாக இறங்கலாம். ஆனால் பாதி வழியில் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருப்பார்கள். அன்றும் நிறுத்தியிருந்தார்கள். நான் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். தெரிந்த முகங்கள்தான், ஆளுக்கொன்றாகத் தள்ளி வழிவிட்டார்கள்.

அங்கே வண்டி நின்ற சிறிது நேரத்துக்குள் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டார். முக்காடு போட்ட பெண், நோன்பு மாதம், வெளுத்த முகம். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஐயோ, நோன்புப் புள்ள மயங்கிருச்சே! இருங்க, சீனித் தண்ணி கரைச்சிட்டு வாரேன்."

வேகமாகவே கொண்டுவந்தார். பெரிய டம்ளர். அவள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். நோன்பை விட்டுவிடலாம் என்று அவளே தீர்மானித்துவிட்டாள் போலிருந்தது, கையை நீட்டினாள். அத்தனை தாகம் அந்தக் கையில்.

நான் டம்ளரைத் தடுத்தேன்.

"குடுக்காதீங்க அத்த. சும்மா தண்ணி குடுங்க."

"என்னடி பேசுற? பட்டினியில மயங்குனவளுக்குச் சீனி குடுக்காம வேற என்ன குடுக்கிறது?"

"சும்மா தண்ணி போதும்!"

அத்தை சொன்னது சரியாக இருக்கலாம். இது வெறும் பட்டினி மயக்கமாக இருந்தால், சீனி இறங்கிப்போயிருந்தால், நான் தடுப்பது அவளுக்கான மருந்தை. நான் எதை வைத்துத் தடுக்கிறேன்? ஈரத்துக்கே தடுமாறும் ஒரு தகட்டையும் என் மூக்கையும் வைத்து. சுற்றிலும் ஆட்கள் என்னையே பார்த்தார்கள். அவள் கோபத்தோடு பார்த்தாள். பேசத்தான் பலம் இல்லை. அத்தை முணுமுணுத்துக்கொண்டே போய் வெறும் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். வண்டி நகர்ந்தது.

மீதி வழியெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். சாரதியும் கண்ணாடியில் பார்த்து, "நங்கி, நங்கி, கண்ணைத் திறந்து வை" என்று தன் தங்கையைக் கூப்பிடுவதுபோலச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

அவசரப் பிரிவில் இளம் பெண் டொக்டர் ஒருவர் ஓடிவந்தார். நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன், பதற்றத்தில் பாதி தமிழாக வந்தது. "நோன்பு பிடிக்கிறாள். ஆனால் அது இல்லை. மூச்சில் அசிட்டோன் இருக்கிறது. நாட்கணக்காக இருக்கிறது. அளந்து பார்த்தோம்."

"அளந்தீர்களா? எதனால்?"

"நாங்கள் செய்த ஒரு சென்சரால்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். அதற்கு மேல் கேட்க அவருக்கு நேரமில்லை. குனிந்து அவள் மூச்சை முகர்ந்தார். தாதி விரலில் குத்தி இரத்தத்தைக் கருவியில் வைத்தார். திரையில் இலக்கம் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு உயர்வு என்பதைக் காட்டும் எழுத்துகள்தான் வந்தன. டொக்டர் சத்தமாக ஏதோ சொன்னார். திரை இழுக்கப்பட்டது. என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

நடைவழி வாங்கில் உட்கார்ந்து பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினேன்.

உம்மா கெலிஓயாவிலிருந்து வந்து சேர்வதற்குள் சேலைன் ஏறத் தொடங்கியிருந்தது, இன்சுலினும். டொக்டர் வெளியே வந்து விளக்கினார். உடம்பு இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது; இந்த வயதிலும் இப்படித் தொடங்குவதுண்டு; இரத்தம் அமிலமாகிவிட்டது; இரவு தாண்ட வேண்டும். உம்மா எல்லாவற்றையும் நின்றபடி கேட்டார். டொக்டர் போனதும் என் கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிப்போனார்.

"மகள், நீங்க செய்த உபகாரத்த மறக்க மாட்டேன். ஆனா இது வெளிய போகக்கூடாது. வயித்துக் கோளாறெண்டு செல்லுவோம். ஒங்கட வாயால ஒண்டும் வரக்கூடாது. எனக்கி வாக்குத் தாங்க."

உள்ளே மகள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். இந்தத் தாய் அவளுடைய எதிர்காலத்துக்கும் சேர்த்துப் போராடிக்கொண்டிருந்தார். நான் கோபப்பட முடியாமல் நின்றேன்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், உம்மா. அவ கண்ண முழிச்சதும் அவகிட்டயே கேளுங்க."

பேராசிரியர் மாலையில் வந்தார். கூட்டத்துக்குப் போட்ட சட்டை கசங்கி, வியர்வையில் ஒட்டியிருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "ஈரம் எண்டு சொன்னனான்," என்றார். பிறகு அதையே இன்னொரு முறை சொன்னார். நாங்கள் இருவரும் பார்வையாளரை வெளியே அனுப்பும்வரை அங்கேயே இருந்தோம்.

மறுநாள் காலையில் அவள் தெளிவாகப் பேசினாள். கையில் ஊசி, உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சீனித் தண்ணிய ஏன் தரல்ல?" என்பதுதான். சொன்னேன். "நீங்க நெனச்சது பிழையா இருந்தா?" என்றாள்.

"பிழையா இருந்தா நீ என்னக் கொன்னிருப்ப."

அவள் சிரிக்க முயன்றாள். அந்த ஒரு டம்ளர் பெரிதாக எதையும் மாற்றியிருக்காது, இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்திருந்தால்தான் ஆபத்து என்று டொக்டர் பிறகு சொன்னார். அதைக் கேட்டு ஆறுதலடைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அவளே சொன்னாள். உம்மா அழுது தடுத்தும் கேட்கவில்லை. வார்டில் இருந்தபடியே மாப்பிள்ளையின் மூத்த சகோதரிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அவர்கள் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். குணமாக துஆ கேட்பதாகச் சொன்னார்கள். பெருநாளுக்கு முன்பே, நாள் குறிப்பதைத் தள்ளிவைப்போம் என்று செய்தி வந்தது. பிறகு செய்தியே வரவில்லை. அவள் வேலைக்குத் திரும்பிய பின், இனி அது வராது என்று உறுதியான ஒரு பிற்பகல், ஆய்வுகூடத்துக் கழிவறையில் அவள் நெடுநேரம் இருந்தாள். நான் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, உலை சூடாகிவிட்டதா என்று கேட்டாள்.

மதிப்பீட்டுக் குழு வந்த அன்று அவளுடைய அளவுகளைக் காட்டவில்லை. பேராசிரியர்தான் அப்படி முடிவெடுத்தார். அனுமதி இல்லாமல் நோயாளி ஒருவரின் மூச்சை அளந்ததாக ஆகிவிடும் என்றார். எங்களுக்கு அவள் நோயாளி என்று தெரியாது என்றாலும். எனக்குள் கொஞ்சம் வலித்தது உண்மை. எங்கள் கையில் இருந்ததிலேயே பெரிய ஏற்றம் அதுதான். பிறகு நிதானமாகச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு ஈரம்தான். அவள் வேகமாகவும் ஆழமாகவும் ஊதியதால் கூடுதல் ஈரம் தகட்டில் படிந்திருந்தது. பேராசிரியர் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை, நானும் முற்றிலும் சரியாகச் சொல்லவில்லை. குழு எங்களுக்கு அவகாசம் தந்தது, ஈரப் பிரச்சினையை முதலில் தீருங்கள் என்ற நிபந்தனையோடு.

அந்தப் பிரச்சினையை அவள்தான் கையில் எடுத்தாள். தகட்டின் சூட்டைக் கூட்டினால் ஈரம் குறையும், ஆனால் குழாய்கள் தாங்காது. குழாய்ச் சுவரைத் தடிப்பாக்கினால் தாங்கும், ஆனால் அசிட்டோனுக்கு மந்தமாகிவிடும். மாதக்கணக்கில் இதிலேயே மாரடித்தோம். சாப்பாட்டுக்கு முன் யன்னல் பக்கம் திரும்பி நின்று இன்சுலின் போட்டுக்கொள்வாள். எங்கள் கட்டடத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

ஒருவழியாக அனுமதி வந்தது. கிளினிக்கிலிருந்து முதலாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. ஊதும் குழாயைப் பார்த்ததும் பயந்துவிட்டார். இதில் ஏதாவது வந்தால் வீட்டில் மருமகளுக்குத் தெரிந்துவிடுமா, எல்லோரும் தன்னை நோயாளியாகப் பார்ப்பார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அறையில் அவரோடு வந்த தாதி இருந்தார், கீழ்மாடியிலிருந்து உதவிக்கு வந்த இருவர் இருந்தார்கள், பேராசிரியரும் நானும் இருந்தோம். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். கதிரையை இழுத்து ஆசிரியைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர், நானும் ஊசி போடுற ஆள்தான். ஒரு நாளைக்கு நாலு தரம். பயப்படாம ஊதுங்க."

கீழ்மாடி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசிலயா மகள்?"

"இந்த வயசிலதான், டீச்சர்," என்று சொல்லிவிட்டு அவள் குழாயை அவர் கையில் கொடுத்தாள்.